சாவுக் கணக்குப் பார்த்த சாட்விக்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ரட்லண்ட் என்று ஒரு சின்னஞ்சிறு மாவட்டம் உண்டு. வயல்களும் ஆட்டு மந்தைகளும் நிறைந்த கிராமங்கள். அங்கிருந்து வடமேற்கே போனால் மான்செஸ்டர். பஞ்சாலைகளால் உலகப் புகழ் பெற்ற நகரம்.

1842ஆம் ஆண்டு லண்டனில் வெளியான ஓர் அறிக்கை இந்த இரண்டு இடங்களையும் அருகருகே வைத்து ஒரு கணக்குக் காட்டியது. மான்செஸ்டரில் இறந்துபோன வசதி படைத்தவர்கள், அவர்கள் குடும்பத்தார் ஆகியோரின் சராசரி வயது 38. கடைக்காரர் குடும்பங்களில் 20. கூலித் தொழிலாளர் குடும்பங்களில் 17. ரட்லண்டில் வசதி படைத்தவர்களுக்கு 52. கடைக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் 41. கூலி ஆட்களுக்கு 38.

மான்செஸ்டர் சீமானும் ரட்லண்ட் கூலிக்காரரும் சராசரியாக ஒரே வயதில் செத்தார்கள். மான்செஸ்டரில் கடை வைத்து நாலு காசு பார்த்தவரோ அந்தக் கூலிக்காரரின் வயதில் பாதியைத்தான் எட்டினார்.

இந்தக் கணக்கைப் போட்டவர் டாக்டர் அல்ல. எட்வின் சாட்விக் என்ற அரசாங்கச் செயலாளர். இங்கிலாந்து ஏழைகள் அந்தக் காலத்தில் மிகவும் வெறுத்த மனிதர் யார் என்று கேட்டால் இவர் பெயரைத்தான் பலரும் சொல்லியிருப்பார்கள். நகரத்து ஏழை எதனால் சீக்கிரம் சாகிறான் என்பதை நாடு முழுவதற்கும் எண் போட்டுக் காட்டியவரும் இவரேதான்.

பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தவர்

சாட்விக் பிறந்தது 1800ஆம் ஆண்டு ஜனவரி 24ந் தேதி. ஊர், மான்செஸ்டரை ஒட்டிய லாங்சைட். சிறு வயதிலேயே தாயாரை இழந்தார். தகப்பனார் ஜேம்ஸ் சாட்விக் சீர்திருத்தக் கொள்கையுள்ள பத்திரிகையாளர். பையனுக்கு 10 வயதானபோது குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது.

வக்கீல் ஒருவரிடம் வேலை பழகிய சாட்விக், பிறகு பாரிஸ்டர் படிப்புக்குச் சேர்ந்தார். கையில் காசு கிடையாது. பத்திரிகைகளுக்குச் செய்தியும் கட்டுரையும் எழுதித்தான் காலம் தள்ளினார். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்தி எழுதுகிற என் போன்றவர்களுக்கு இதைப் படிக்கையில் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது.

1828இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். மனிதன் எத்தனை வயது வரை இருப்பான் என்பது தலையெழுத்து அல்ல, அவன் வாழும் வீடும் செய்யும் தொழிலும் அதை மாற்றுகின்றன என்பது அதன் சாரம். பின்னாளில் அவர் செய்த வேலைக்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்தது.

அவர் எழுத்தைக் கண்ட சட்ட அறிஞர் ஜெரமி பென்தம் தம் உதவியாளராக அவரை வைத்துக்கொண்டார். பென்தம் 1832இல் காலமாகும்வரை சாட்விக் அவருடனேயே இருந்தார். எதையும் எண்ணிப் பார்க்க வேண்டும், எந்தச் சட்டத்தையும் அதன் பலனை வைத்தே எடை போட வேண்டும் என்ற பழக்கம் பென்தம் வீட்டிலிருந்து அவருக்கு ஒட்டிக்கொண்டது.

ஏழைகளின் வெறுப்பு

இங்கிலாந்தில் அப்போது வேலையற்றவர்களுக்கும் விதவைகளுக்கும் ஊர் மக்களிடம் வரி வசூலித்து உதவி செய்யும் முறை இருந்தது. வரி ஏறிக்கொண்டே போனது. வரி கட்டுகிறவர்கள் கூச்சல் போட்டார்கள். இதை விசாரிக்க அமைத்த குழுவில் சாட்விக் சேர்ந்தார். பொருளாதார அறிஞர் நாசோ சீனியரும் அவருமாக எழுதிய அறிக்கையிலிருந்து 1834ஆம் ஆண்டின் புதிய ஏழைகள் சட்டம் பிறந்தது.

கொடுமையான சட்டம் அது. உடலில் தெம்புள்ளவன் உதவி கேட்டு வந்தால் பணமாகக் கொடுக்கக் கூடாது, ஏழையர் விடுதிக்குள் வந்து கிடக்கச் சொல்ல வேண்டும் என்பது அதன் கொள்கை. வெளியே உழைக்கிற கடைநிலைக் கூலிக்காரரின் வாழ்க்கையைவிட விடுதி வாழ்க்கை மோசமாக இருந்தாக வேண்டும். அப்போதுதான் எவனும் வரமாட்டான் என்று கணக்குப் போட்டார்கள். விடுதிக்குள் புருஷன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம் என்று பிரித்தார்கள். ஆண்டோவர் என்ற ஊரின் விடுதியில் உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். பசி தாங்காமல் அந்த அழுகிய எலும்புகளின் மஜ்ஜையை ஏழைகள் சுரண்டித் தின்றது 1845இல் அம்பலமாகி, நாடே அதிர்ந்தது.

சட்டத்தை நடத்த 3 கமிஷனர்களை நியமித்தார்கள். தமக்கும் அந்தப் பதவி வரும் என்று சாட்விக் நம்பியிருந்தார். பெரிய குடும்பத்தில் பிறக்காதவர் என்பதால் செயலாளர் வேலைதான் கிடைத்தது. கோப்பை எழுதுகிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர் என்ற வழக்கம் எல்லா நாட்டு ஆபீசுகளுக்கும் பொது போலும். கமிஷனர்களோடு அவருக்குக் கடைசிவரை ஒத்துப் போகவில்லை.

ஆடிட்டர் போட்ட தடை

அவரைச் சாக்கடைப் பக்கம் இழுத்து வந்தது ஒரு தணிக்கைத் தகராறு. கிழக்கு லண்டனில் சில ஊர் அதிகாரிகள், காய்ச்சல் பரவாமல் தடுப்பதற்காகக் குப்பையையும் சாக்கடையையும் அப்புறப்படுத்த ஏழை வரிப் பணத்தில் செலவு செய்தார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1838இல் ஆடிட்டர்கள் செலவைத் தள்ளிவிட்டார்கள். விவகாரம் சாட்விக்கின் மேஜைக்கு வந்தது.

அவர் வேறு விதமாக யோசித்தார். சாக்கடையால் காய்ச்சல் வருகிறது. காய்ச்சலில் குடும்பத் தலைவர் சாகிறார். விதவையும் பிள்ளைகளும் ஏழை வரியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அப்படியானால் சாக்கடையைச் சுத்தம் செய்வது எத்தனை லாபம்! ஆர்நாட், கே, சவுத்வுட் ஸ்மித் என்ற 3 டாக்டர்களை அனுப்பிக் கிழக்கு லண்டனை ஆராயச் சொன்னார். 1839இல் நாடு முழுவதற்கும் விசாரணை விரிந்தது.

இரக்கத்தால் இதைத் தொடங்கினார் என்று சொல்வதற்கில்லை. வரிச் செலவைக் குறைக்கும் வழி தேடித்தான் இறங்கினார்.

விசாரணைக்கு அவருக்குக் கைகொடுத்தது ஒரு புதிய பதிவேடு. 1837 ஜூலை முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் அரசாங்கம் பதிவு செய்யத் தொடங்கியிருந்தது. இறந்தவர் வயது என்ன, தொழில் என்ன, எந்த ஊர், எந்த நோய் என்று கேட்டால் பதில் இருந்தது. ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கெல்லாம் கேள்வித் தாள் போனது. சாட்விக் தாமே எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் போய்ச் சந்து சந்தாக நடந்து பார்த்தார். கிளாஸ்கோவைப் போல மோசமான இடத்தை அவர் எங்கும் கண்டதில்லை.

அறிக்கை தயாரானதும் கமிஷனர்கள் கையெழுத்திடத் தயங்கினார்கள். தண்ணீர்க் கம்பெனிகளையும் சாக்கடை நிர்வாகங்களையும் பகைத்துக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை. ஆகவே 1842இல் அது சாட்விக்கின் சொந்தப் பெயரிலேயே வெளியாயிற்று. எழுதியவர் பெயர் அந்த ஒரு தடவை வெளியே வந்தது.

ஊருக்கு ஊர் வேறு கணக்கு

ரட்லண்ட், மான்செஸ்டர் மட்டுமல்ல, இன்னும் பல ஊர்களின் கணக்கும் அதில் இருந்தது. லிவர்பூலில் வசதியானவர்களுக்கு 35, கடைக்காரர்களுக்கு 22, கூலியாட்களுக்கு 15. லீட்ஸில் 44, 27, 19. கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் 45, 26, 16. தென்மேற்குக் கோடியில் உள்ள ட்ரூரோவில் 40, 33, 28.

எந்த ஊரை எடுத்தாலும் பணக்காரர் அதிக நாள் இருந்தார், ஏழை சீக்கிரம் போனார். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ட்ரூரோவில் 12 ஆண்டு. ரட்லண்டில் 14. மான்செஸ்டரில் 21. பெத்னல் கிரீனில் 29. எல்லாம் ஒரே நாடு, ஒரே ராணி, ஒரே சட்டம். அப்படியிருந்தும் வறுமை ஓர் ஊரில் 12 ஆண்டைப் பறித்தது, மற்றோர் ஊரில் 29 ஆண்டைப் பறித்தது.

கூலியிலோ மான்செஸ்டர்தான் உசத்தி. ரட்லண்டில் கலப்பை பிடித்தவரைவிட ஆலைத் தொழிலாளி எவ்வளவோ அதிகம் வாங்கினார். அந்தக் கூலியை நம்பித்தான் கிராமத்து ஜனங்கள் பெண்டு பிள்ளைகளுடன் ஆலை ஊர்களுக்கு வந்து குவிந்தார்கள்.

வந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைத்த வீடு எப்படிப்பட்டது? முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். பின்பக்கம் ஜன்னல் கிடையாது, காற்று வர வழியில்லை. அதற்கும் வாடகை கொடுக்க முடியாதவர்களுக்குத் தரைக்குக் கீழே நிலவறை. பல குடும்பங்களுக்கு ஒரே கக்கூஸ், அதுவும் நிரம்பி வழியும். தண்ணீர் குறிப்பிட்ட நேரம்தான் வரும், வரிசையில் நின்று பிடிக்க வேண்டும். மும்பையில் பழைய சால்களில் இருந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வாரக் கூலியில் இரண்டு ஷில்லிங் கூடினால் ரொட்டி கூட வாங்கலாம். தெருவுக்குச் சாக்கடை வாங்க முடியுமா? தனி ஒருவர் பணத்தால் குடிநீர்க் குழாயைக் கொண்டுவர முடியாது. வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் செய்யமாட்டார். முனிசிபாலிடியும் கை வைக்காது. மான்செஸ்டர் தொழிலாளிக்குக் கூடுதல் கூலி இருந்தும் கூடுதல் ஆயுள் இல்லாமல் போனது இதனால்தான். ஊர்க் காற்றும் தண்ணீரும் பொதுவாக இருப்பதால், பணக்காரரும் ரட்லண்ட் பணக்காரரைவிட 14 ஆண்டு முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்.

சராசரி 17 என்றால் எல்லோரும் 17 வயதில் இறந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சாவில் பெரும் பங்கு குழந்தைகளுடையது. மான்செஸ்டர் தொழிலாளர் வீட்டில் பிறந்த 100 குழந்தைகளில் 57க்கு மேல் 5 வயது நிரம்புவதற்குள் இறந்தன. ஆலை வாசலை மிதிக்கும் வயதுகூட வராத குழந்தைகள். கொன்றது ஆலையல்ல, குடியிருந்த இடம் என்பது அறிக்கையின் வாதம்.

பெரியவர்கள் கதையும் இருக்கிறது. அப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏழை வரியில் உதவி பெற்ற விதவைகள் 43,000 பேர், அனாதைப் பிள்ளைகள் 1,12,000 பேர். அவர்களை விட்டுச் சென்ற குடும்பத் தலைவர்களில் பெரும் பகுதியினர் 45 வயதுக்குள், தடுத்திருக்கக் கூடிய காரணங்களால் இறந்தவர்கள் என்று சாட்விக் காட்டினார். அசுத்தத்தாலும் காற்றோட்டமின்மையாலும் ஆண்டுதோறும் ஏற்படும் உயிர்ச் சேதம், அந்த நாடு அண்மைக் காலத்தில் நடத்திய எந்தப் போரின் சேதத்தையும் விட அதிகம் என்றும் எழுதினார்.

கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை. 1844இல் நீசன் என்ற இன்ஷூரன்ஸ் கணக்கர் அதைச் சுட்டிக் காட்டினார். குடியேறியவர்களும் குழந்தைகளும் நிறைந்த ஊரில் சாகிறவர்களின் சராசரி வயது தானாகவே குறைந்து தெரியும். ஆகவே அதை ஆயுள் என்று கொள்ளக் கூடாது என்றார். நியாயமான ஆட்சேபம். ஆனால் பதிவு அலுவலகத்தின் புள்ளிவிவர நிபுணர் வில்லியம் ஃபார் சரியான முறையில் ஆயுள் அட்டவணை போட்டபோதும், சர்ரே மாவட்டத்தில் பிறந்த குழந்தைக்கு 45 ஆண்டு, லண்டனில் 37, லிவர்பூலில் 26 என்றுதான் வந்தது. எண்கள் மாறின, வித்தியாசம் போகவில்லை.

பார்க்க மறுத்தது

சாக்கடையைப் பார்த்த கண் பசியைப் பார்க்க மறுத்தது. எடின்பரோ டாக்டர் அலிசன், வறுமையும் பட்டினியும்தான் காய்ச்சலுக்கு இடம் கொடுக்கின்றன, முதலில் ஏழைக்குச் சோறு போடுங்கள் என்று வாதாடினார். ஃபார் தமது முதல் அறிக்கையில் 63 பேர் பட்டினியால் இறந்ததாகக் கணக்குக் கொடுத்தார். சாட்விக் கொதித்து எழுந்து அதை மறுத்தார். பட்டினிச் சாவு உண்டு என்று ஒப்புக்கொண்டால் தாம் எழுதிய ஏழைகள் சட்டமல்லவா குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும்? கூலியைப் பற்றிப் பேசாமல் குழாயைப் பற்றி மட்டும் பேசுவது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. அவர் வாழ்க்கையில் மன்னிக்கக் கடினமான பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

ரயில் சுரங்கத்தில்

ஆனால் ஒரு தடவை முதலாளிகளின் சட்டைப் பையிலேயே கை வைத்தார். ரயில்வேக்காரர்கள் அறிய வேண்டிய விஷயம் இது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே மலையைக் குடைந்து வுட்ஹெட் சுரங்கப் பாதை அமைத்தார்கள். 3 மைல் நீளம். 1845இல் திறக்கப்பட்டது. வேலையில் 32 பேர் மாண்டார்கள். 140 பேருக்குப் பலத்த காயம். ஆட்கள் பொட்டல் மலையில் குடிசை போட்டுக் கிடந்தார்கள். கூலியின் ஒரு பகுதிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அதைக் காண்ட்ராக்டர் சொல்லும் கடையில், அவன் சொல்லும் விலைக்குத்தான் மாற்ற வேண்டும்.

1846இல் சாட்விக் இதை மான்செஸ்டர் புள்ளிவிவரச் சங்கத்தின் முன் வைத்தார். வாட்டர்லூ போரில் சண்டையிட்ட சிப்பாய்களின் சேத விகிதத்தை விட இந்தச் சுரங்கத் தொழிலாளர்களின் சேதம் அதிகம் என்று கணக்குக் காட்டினார். விபத்துக்கு ரயில்வே கம்பெனியே பொறுப்பேற்று நஷ்ட ஈடு கொடுக்கும்படி செய்துவிட்டால், கம்பெனிக்கே ஜாக்கிரதை வந்துவிடும் என்பது அவர் யோசனை. அதே ஆண்டு பார்லிமெண்ட் குழு விசாரித்து, அதை ஆமோதித்தது. பார்லிமெண்ட் ஒன்றும் செய்யவில்லை. தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் அங்கே வர 1897 ஆயிற்று. நம் நாட்டில் 1923.

ஆயிரத்துக்கு 23

1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. அதில் சாட்விக்கின் முத்திரை ஒன்று உண்டு. ஓர் ஊரில் 7 ஆண்டுச் சராசரியாக ஆயிரம் பேருக்கு 23 பேருக்கு மேல் இறந்தால், ஊர்ப் பெரியவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மத்திய வாரியம் அங்கே சுகாதார நிர்வாகம் அமைக்கலாம். எந்த ஊருக்கு முதலில் குழாயும் சாக்கடையும் போக வேண்டும் என்பதைச் சாவு எண்ணிக்கையே தீர்மானிக்கும். யார் சிபாரிசும் வேண்டாம்.

மத்திய வாரியத்தில் சாட்விக்குக் கடைசியில் கமிஷனர் பதவி கிடைத்தது. பெரிய செங்கல் சுரங்கங்களுக்குப் பதில் மெருகிட்ட சுட்ட மண் குழாய்கள், வீட்டுக்கு வீடு நாள் முழுவதும் தண்ணீர், அந்தத் தண்ணீராலேயே கழிவைத் தள்ளிக்கொண்டு போவது என்று திட்டம் வகுத்தார். உடம்பில் ரத்தம் ஓடுவது போல் ஊரில் தண்ணீர் ஓட வேண்டும் என்பது அவர் கற்பனை.

அதே ஆண்டு காலரா வந்தது. 1849 முடிவதற்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 53,000 பேருக்கு மேல் பலி. நாற்றமே நோய்க்குக் காரணம் என்று சாட்விக் திடமாக நம்பினார். நாற்றத்தை ஒழிக்க லண்டன் சாக்கடைகளை அலசித் தேம்ஸ் நதியில் விடச் செய்தார்கள். அந்த நதியிலிருந்துதான் தண்ணீர்க் கம்பெனிகள் குடிநீர் எடுத்தன. நோயை விரட்டுவதாக நினைத்து அதை வீட்டுக் குழாய்க்கே அனுப்பி வைத்தார்கள். காலரா தண்ணீரில் பரவுகிறது என்று டாக்டர் ஜான் ஸ்னோ எடுத்துச் சொன்ன பிறகும் சாட்விக் தம் கொள்கையை விடவில்லை.

எதிரிகள் பெருகினார்கள். தண்ணீர்க் கம்பெனிகள், என்ஜினீயர்கள், வரி கட்டும் வீட்டுச் சொந்தக்காரர்கள், டாக்டர்கள் எல்லோரையும் அவர் பகைத்துக்கொண்டார். நயமாகப் பேசத் தெரியாதவர். 1854ஆம் ஆண்டு கோடையில் பார்லிமெண்ட் அவரை வெளியேற்றியது. அடுத்த சில வாரங்களில் லண்டன் பிராட் தெருக் குழாயடியைச் சுற்றிக் காலரா தாக்கியது. ஸ்னோவின் புகழ் பெற்ற ஆராய்ச்சி அப்போதுதான் நடந்தது.

சாட்விக்குக் கிடைத்த பென்ஷன் ஆண்டுக்கு 1,000 பவுன். அப்போது அவருக்கு வயது 54. இன்னும் 36 ஆண்டுகள் இருந்தார். தேர்தலில் நின்று தோற்றார். கூட்டங்களுக்குத் தலைமை தாங்கினார். ராணுவ முகாம், பள்ளிக்கூடம், சிறைச்சாலை என்று எதைப் பற்றியாவது மனு எழுதிக்கொண்டே இருந்தார். 1875இல் வந்த விரிவான பொதுச் சுகாதாரச் சட்டம், ஊர்தோறும் சாக்கடையும் நல்ல தண்ணீரும் அமைப்பதைக் கட்டாயக் கடமை ஆக்கியது. அந்த வேலையை நடத்தியவர்கள் வேறு ஆட்கள்.

இடைவெளி இன்னும் அங்கே மூடவில்லை. வடமேற்குக் கடற்கரையில் உள்ள பிளாக்பூல் ஆண்களுக்கும் தெற்கே ஹாம்ப்ஷயரின் ஹார்ட் பகுதி ஆண்களுக்கும் சராசரி ஆயுளில் இப்போதும் சுமார் 10 ஆண்டு வித்தியாசம் இருக்கிறது.

1889இல், 89ஆவது வயதில், அவருக்குச் சர் பட்டம் கொடுத்தார்கள். 1890 ஜூலை 6ந் தேதி லண்டனை அடுத்த ஈஸ்ட் ஷீனில் காலமானார்.

மகன் ஆஸ்பர்ட் சாட்விக் என்ஜினீயர். தகப்பனார் வழியிலேயே போனவர். 1882இல் ஹாங்காங் தீவின் சுகாதார நிலையை ஆராய்ந்து, சீனக் கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த வீடுகளையும் அவற்றின் வடிகால்களையும் பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். மறு ஆண்டு அங்கே சுகாதார வாரியம் ஏற்பட்டது. ஆனால் வீடுகளின் நெருக்கடி தீரவில்லை. 1894இல் அந்தக் குடியிருப்புகளில் பிளேக் நோய் புகுந்தது. அங்கிருந்து கப்பல் வழியாகத்தான் 1896இல் அது பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்விக்கு வந்ததாகக் கருதப்படுகிறது.